கடைசி வரிசை முனிவர்

வேன் அக்காவுக்குக் கண்ணை விடக் காதில்தான் நம்பிக்கை. ஒன்பது வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், இதுவரை ஒருநாளும் பிள்ளைகளின் தலையை எண்ணியதில்லை. அவள் எண்ணுவதெல்லாம் சத்தத்தை. காலையில் பன்னிரண்டு விதமான சத்தம் ஒவ்வொன்றாக வேனில் ஏறும்; பள்ளி வாசலில் பன்னிரண்டும் இறங்கிப் போகும். வேன் அமைதியாகிவிட்டால் வேன் காலி. தலையை எண்ணினால், குனிந்து பென்சில் தேடுகிற பிள்ளை விட்டுப்போகும். சத்தம் எந்த இருக்கைக்குக் கீழே போய் ஒளியும் என்பது அவள் கட்சி.

பிள்ளைகளுக்குப் பெற்றோர் வைத்த பெயர்கள் பள்ளியின் பட்டியலில் இருந்தன. அவள் மனதுக்குள் வேறு பட்டியல் ஓடும். அதில் முதல் பெயர் பூகம்பம். ஏழு வயது. அவனுக்கு வேனில் ஏறத் தெரியாது, மோதத்தான் தெரியும். இருக்கையில் உட்காரமாட்டான், விழுவான். விழுந்த நிமிடத்திலிருந்து முன் இருக்கையின் முதுகை உதைத்துக்கொண்டே வருவான். முதல் வருடம் முழுக்க அவள் கத்திப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அவன் அம்மாவிடம் சொல்லியும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் வேறு இடமில்லாமல் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் இருக்கையில் அவனைப் போட்டாள். அங்கே உட்கார்ந்தால் சாலையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் தெரியும். பெரியவர்கள் யாரும் இரண்டாவது தடவை அதில் உட்கார்ந்ததில்லை. பூகம்பம் அன்று ஒரு உதைகூட விடவில்லை. வேகத்தடை வந்தபோது பெல்ட்டோடு சேர்ந்து எழும்பி இறங்கி, வயிறு குலுங்கச் சிரித்தான். அன்றிலிருந்து அந்த இருக்கை அவனுடையது.

பஞ்சு அதற்கு நேர்மாறு. ஆறு வயதுப் பெண். யாருடைய முழங்கை உரசினாலும் சூடு பட்டதுபோலத் துடித்துப்போவாள். காலுறையின் தையல் சுண்டுவிரலில் பட்டுவிட்டால் போதும், அன்றைய பொழுது எல்லோருக்கும் பாழ். வேன் அக்கா பத்து நாள் யோசித்து, பதினோராவது நாள் காலுறையை உள்பக்கம் வெளியே தெரியும்படி மாட்டிவிட்டாள். அழுகை குழாயை மூடியதுபோல நின்றது. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை இருக்கையைப் பஞ்சுவுக்கே ஒதுக்கினாள், அங்கே உரச ஆளில்லை.

மூன்றாவது, சங்கு. ஹாரன் சத்தம் கேட்டால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, ஹாரனை விடப் பலமாக அலறுவான். அதனால் இந்த மூன்று வருடமாக அவள் ஹாரனையே தொடுவதில்லை. முன்னால் வண்டி நின்றால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ஐயா, கொஞ்சம் வழிவிடுங்கள் என்று சொல்வாள். ஹாரன் கெட்டுவிட்டதா என்று கேட்காத ஆள் அந்தச் சாலையில் கிடையாது. டயர் கடையில் வேலை செய்யும் அவள் கணவனே இரண்டு தடவை ஒயரைச் சோதித்துப் பார்த்துவிட்டான்.

இப்படித் தட்டித் தடவி, பன்னிரண்டு பேரையும் பன்னிரண்டு இடத்தில் உட்கார வைத்திருந்தாள். அதில் அவளுக்கு ஒரு வேலையும் வைக்காத ஒரே பிள்ளை, கடைசி வரிசை மூலையில் உட்காரும் முனிவர். ஆறு வயது, இந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவன். அவனுடைய அப்பா தூக்கி உட்கார வைத்தால், வைத்த இடத்தில் வைத்தபடி வருவான். அழமாட்டான், கேட்கமாட்டான், சண்டைக்குப் போகமாட்டான். ஏறும்போது அவன் பங்குச் சத்தமும் அவனுடைய அப்பா போடுவதுதான், இறங்கும்போது பக்கத்துப் பிள்ளை வாடா என்று இழுத்துக்கொண்டு போவதுதான். மற்றவர்கள் ஆடும்போதெல்லாம் அவள் கண்ணாடியில் பார்த்து, அந்தத் தம்பி எப்படி உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள் என்று அவனைத்தான் எடுத்துக்காட்டுவாள். அவனைப்போலப் பன்னிரண்டு பேர் கிடைத்தால் வேனைத் தூங்கிக்கொண்டே ஓட்டலாம் என்று வீட்டில் சொல்லாத நாளில்லை.

இந்த ஏற்பாட்டில் மண்ணைப் போட வந்தார் புதிய போக்குவரத்துப் பொறுப்பாளர். கையில் கிடைக்கிற காகிதத்தையெல்லாம் பிளாஸ்டிக் உறைபோட்டு ஒட்டிவிடும் மனிதர். அவர் அறையில் தண்ணீர்க் குவளைக்கே 'இது தண்ணீர்க் குவளை' என்று உறைபோட்ட சீட்டு ஒன்று இருந்தது. அவர் ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டு, வகுப்பு வாரியாக, வரிசை எண்படி இருக்கை அட்டவணை ஒன்றைக் கொடுத்தார். பிள்ளைகளுக்கு இடம் பார்த்து வைத்திருக்கிறேன் என்று அவள் ஆரம்பித்ததற்கு, இது உங்கள் வீட்டு வரவேற்பறை இல்லையம்மா என்றார்.

திங்கட்கிழமை அட்டவணைப்படி வேன் கிளம்பியது. பஞ்சுவுக்குப் பக்கத்தில் பூகம்பம். சங்குவின் இடம் இழுத்துச் சாத்தும் கதவை ஒட்டி. இரண்டாவது நிறுத்தத்தில் கதவு சாத்தப்பட்டது, சங்கு ஊத ஆரம்பித்தான். பூகம்பம் பக்கத்தில் சுவர் இருப்பதாக நினைத்துப் பஞ்சுவின் மேல் சாய்ந்தான். பஞ்சு காலணியைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள், இரண்டையும் ஜன்னல் வழியாக எறிந்தாள். அதற்குள் யாருடைய தண்ணீர்ப் பாட்டிலோ திறந்து முனிவரின் மடியில் கொட்டியது. அவன் அசையவில்லை. நனைந்த கால்சட்டையோடு கடைசிவரை அப்படியே உட்கார்ந்து வந்தான். இந்தக் கலவரத்தில் இவன் ஒருவனாவது மனிதனாக இருக்கிறானே என்று வேன் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மதியத்துக்குள் இரண்டு புகார் போய்ச் சேர்ந்தது. பொறுப்பாளர் அவளை நிற்க வைத்தே பேசினார். ஒரு கம்பெனி நாற்பது இருக்கை பெரிய பஸ்ஸோடு காத்திருக்கிறதாம். அவளுடைய ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. வியாழக்கிழமை ஒரு மேடம் வந்து வேனில் கூடவே உட்கார்ந்து, எந்தப் பிள்ளையால் தொல்லை என்று எழுதிக் கொடுப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து, இல்லையென்றால் பெரிய பஸ். வேன் அக்கா வேறு வேலை எதுவும் கற்றவளில்லை. ஒன்பது வருடம் ஓட்டிய சாலையை வேறொருவன் ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டுவதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

வியாழன் காலை அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். அட்டவணையைச் சுருட்டி ஸ்பேர் டயருக்குப் பின்னால் செருகினாள். பிள்ளைகளை அவரவர் பழைய இடத்தில் உட்கார வைத்தாள். ஒப்பந்தம் போனால் போகட்டும் என்று வீறாப்பாகச் சாவியைத் திருகினாள்.

கூட வந்த மேடம் சின்ன வயசுதான். மடியில் தடியாக ஒரு படிவக்கட்டு. பிள்ளைகள் சத்தம், வெளிச்சம், தொடுதல், அசைவு இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் தொழிலாம். பூகம்பம் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டாள். வேன் அக்கா காரணம் சொன்னாள். காலுறை ஏன் புரட்டிப் போட்டிருக்கிறது என்று கேட்டாள். அதற்கும் காரணம் இருந்தது. நடுவில் ஒரு லாரி வழிமறிக்க, வேன் அக்கா தலையை நீட்டி ஐயா என்றதும், மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள். சிலருக்கு எல்லாமே அளவுக்கு மீறிப் போய்ச் சேருகிறது, சிலருக்குப் போதாமல் தேடித் தேடி மோதிக்கொள்கிறார்கள், இதைக் கண்டுபிடிக்கத்தான் ஐந்து வருடம் படித்தேன் என்றாள். வேன் அக்காவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த திருப்பத்தில் தேவையில்லாமல் இரண்டு முறை சிக்னல் போட்டாள்.

"கடைசி வரிசையில இருக்கானே, அந்தத் தம்பி?" என்று மேடம் கேட்டாள்.

"அவனா? தங்கம் மேடம். கீழ விழுந்தாக்கூட அழமாட்டான். அவ்வளவு பொறுமை."

"பேசுவானா?"

"பேசவே மாட்டான். அதானே அழகு."

"அவன் குரல் எப்படி இருக்கும்க்கா?"

வேன் அக்கா வாயைத் திறந்தாள். அவள் அதைக் கேட்டதே இல்லை. நல்ல பிள்ளையிடமும் குறை தேடுகிறாளே, படித்தவர்கள் புத்தியே இதுதான் என்று எரிச்சல்பட்டுக்கொண்டு கியரை மாற்றினாள். மேடம் படிவத்தில் ஏதோ கிறுக்கினாள். கண்ணாடியில் அது கேள்விக்குறிபோலத் தெரிந்தது.

பள்ளி வாசலில் சத்தங்கள் இறங்கின. பூகம்பம் தொம்மென்று குதித்தான், சங்கு கதவைச் சாத்துமுன்பே அலறிக்கொண்டு ஓடினான், பஞ்சு யாரும் தொடாதீர்கள் என்று அறிவித்துக்கொண்டே போனாள். வேன் அமைதியானது. வேன் அக்கா அதை நிழலில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, மேடத்தோடு பொறுப்பாளரின் அறைக்குப் போனாள்.

அங்கே நடந்ததை அவள் கனவில்கூட எதிர்பார்க்கவில்லை. மேடம் அரைமணி நேரம் பேச வேண்டியதைப் பத்து நிமிடத்தில் பேசினாள், அத்தனையும் பாராட்டு. இந்த வேனில் தொல்லை தருகிற பிள்ளை யாருமில்லை, அட்டவணைதான் தொல்லை என்றாள். ஒரு பிள்ளையைப் பற்றி மட்டும் இன்னும் பார்க்க வேண்டியிருக்கிறது என்று இழுத்தாள், அதைப் பொறுப்பாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தன் அட்டவணை தோற்றதில் அவர் முகம் சுருங்கியிருந்தது. இருந்தாலும் நியாயமான மனிதர். ஒப்பந்தத்தை எடுத்து வைத்து, பேனா மூடியைக் கழற்றினார். வண்டியின் பதிவேடு எங்கே, அதிலும் முத்திரை வைக்க வேண்டும் என்றார்.

பதிவேடு வேனில் இருந்தது. அவள் கால் தரையில் படாமல் ஓடினாள். கதவைத் திறந்தாள்.

கடைசி வரிசையில் முனிவர் உட்கார்ந்திருந்தான். இலைகளின் இடுக்கில் நுழைந்து ஜன்னல் வழியே விழுந்த வெயிலில் தூசி பறப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், பட்டியலில் இருந்த நிஜப் பெயரைச் சொல்லி. அவன் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டாள். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து அழுத்தியபிறகுதான் நிமிர்ந்து பார்த்து, இப்போதுதான் அவள் வந்ததுபோலச் சிரித்தான். பக்கத்துப் பிள்ளை அன்று அவனை இழுத்துப்போக மறந்துவிட்டது, எல்லோரும் இறங்கிப் போனது அவனுக்குத் தெரியவில்லை. பெல்ட்டை அவிழ்க்கக் குனிந்தவள் அவன் காலைப் பார்த்தாள். காலணி இடம் வலமாக மாறியிருந்தது. கழற்றினால் உள்ளே கொண்டைக்கடலை அளவில் ஒரு கல். குதிகாலில் தோல் உரிந்து, காலுறையில் ரத்தம் காய்ந்திருந்தது. காலையிலிருந்து அந்தக் கல்லோடுதான் வந்திருக்கிறான். பொறுமை இல்லை அது. அவனுக்கு வலி சரியாகப் போய்ச் சேரவே இல்லை. மடியில் கொட்டிய தண்ணீரும் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் அவள் கண் கலங்கினாள், எடுத்துக்காட்டாகச் சொல்லிச் சொல்லி ஊரைக் கூட்டினாள். நம் காதில் விழாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று முடிவு கட்டியிருக்கிறோமே என்று அவளுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

அடுத்து வந்த நினைப்பு அவ்வளவு உயர்ந்ததில்லை. அவன் வகுப்பு நாற்பதடி தள்ளித்தான் இருந்தது. வகுப்பின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே விட்டுவிட்டுப் பதிவேட்டோடு போனால் யாருக்கும் தெரியாது. இவன் சொல்லமாட்டான், இவன்தான் எதையும் சொல்வதில்லையே. அங்கே பேனா மூடி கழற்றி வைத்திருக்கிறது. அவள் அவனைத் தூக்கிக்கொண்டு பின்கதவை நோக்கி ஆறேழு அடி நடந்தும்விட்டாள். அவன் தலை அவள் தோளில் கனமாகச் சாய்ந்தது. இவன் சொல்லாததால்தான் இத்தனையும் நடந்தது, இதையும் யாரும் சொல்லாவிட்டால் எப்படி என்று தோன்றியது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு திரும்பினாள்.

பொறுப்பாளரின் அறைக்குள் பதிவேட்டுக்குப் பதில் பிள்ளையோடு நுழைந்தாள்.

"வேன்ல இருந்தான் சார். நான்தான் விட்டுட்டு வந்துட்டேன். சத்தம் நின்னதும் எல்லாரும் எறங்கிட்டாங்கன்னு நெனச்சேன்."

பொறுப்பாளர் பேனாவை மூடினார். அந்தச் சின்னச் சத்தம் அவளுக்கு மட்டும் வெடிபோலக் கேட்டது. சங்குவின் நிலைமை அப்போது அவளுக்குப் புரிந்தது.

மேடம் யாரையும் திட்டவில்லை. கீழே உட்கார்ந்து, பையனின் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவன் தன் முகத்தைப் பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"இவனுக்கு உலகம் பக்கத்து வீட்டு டிவி மாதிரிக்கா. ஏதோ ஓடுதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. மத்தவங்க கத்துறாங்க, அதனால நாம பாக்குறோம். இவன மாதிரிப் பிள்ளைங்களைத் திட்டக்கூட ஆளிருக்காது."

பொறுப்பாளர் தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு வாய் குடித்தார். நாற்பது இருக்கை பஸ்ஸில் திரும்பி வந்து இதைச் சொல்ல யார் இருப்பார்கள் என்று மேடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். கடைசியில் ஒரு மாதம் கெடு வைத்தார். தினமும் கடைசி வரிசைவரை நடந்து ஒவ்வொரு இருக்கையையும் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் தாமதமானாலும் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். உருப்படியான காரணமில்லாவிட்டால் பெரிய பஸ். மறுநாள் அந்த விதிகள் பிளாஸ்டிக் உறைபோட்டு வந்தன. அவள் அதை ஸ்பேர் டயருக்குப் பின்னால் செருகவில்லை, கண்ணாடிக்குக் கீழே ஒட்டினாள்.

வியாழன் மாலையே கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். கேட்டுக்கொண்டே அவன் புதுச் சட்டையின் கழுத்துப்பட்டைச் சீட்டைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். இருபது வருடமாகப் புதுச் சட்டை வந்தால் அவன் செய்கிற முதல் காரியம் அதுதான் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு உறைத்தது. நீயும் பஞ்சுதானா என்று கேட்டாள். உனக்கு மட்டும் என்ன, அடுப்பில் கை பட்டாலும் மறுநாள்தானே தெரியும் என்றான். அவள் தன் கையைப் பார்த்தாள். ஒரு கொப்புளம் இருந்தது. இருவரும் சிரித்தார்கள், அவள் கொஞ்சம் அழவும் செய்தாள்.

திங்கட்கிழமை முதல் முனிவருக்கு இடம் மாறியது. மேடத்தைக் கேட்டு, பின்சக்கரத்துக்கு மேலே, பூகம்பத்துக்குப் பக்கத்தில் அவனை உட்கார வைத்தாள். ஏறும்போது தோளை அழுத்தி, முகத்தைப் பார்த்து, காலணியைத் தட்டிப் பார்த்தாள். பூகம்பம் தன் வழக்கப்படி அவன்மேல் சாய்ந்தான். அவன் நகரவில்லை, அழவில்லை. பூகம்பத்துக்கு இத்தனை நாள் தேடிய சுவர் கிடைத்தது.

திங்கள் ஒன்றும் நடக்கவில்லை. செவ்வாய், புதனும் அப்படியே. வியாழக்கிழமை, ரொட்டிக் கடை முன்னால் இருக்கும் வேகத்தடையில் அவள் வழக்கத்தை விடக் கொஞ்சம் தாராளமாகவே வண்டியை ஏற்றி இறக்கினாள். பின்னால் இரண்டு பேர் எழும்பி விழுந்தார்கள். பூகம்பம் ஓவென்று கத்தினான். கத்தல் அடங்கியதும், இன்னொரு குரல் கேட்டது. கனமான குரல், லேசாகக் கரகரத்தது, ஆறு வயதுக்குப் பொருத்தமே இல்லாதது.

"இன்னொரு தடவ."

யாருடையது என்று அவள் காது தேடியது. பதினோரு குரல் அவளுக்கு மனப்பாடம். இது அந்தப் பதினொன்றில் இல்லை. கண்ணாடியில் பார்த்தாள். முனிவர் முன்னிருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நேராக அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பள்ளி மணிக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. கண்ணாடிக்குக் கீழே விதிகள் பளபளத்தன. ரொட்டிக் கடைக்காரர் பார்க்கப் பார்க்க வேன் அக்கா வண்டியைத் திருப்பினாள். பஞ்சு இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள் அக்கா என்று சங்கு முன்கூட்டியே காதைப் பொத்தினான். வேன் அந்த வேகத்தடை மேல் மறுபடி போனது. அந்தக் குரல் மறுபடி கேட்டது. வேன் மறுபடி திரும்பியது.

நாலு நிமிடம் தாமதம். வாசலிலேயே பொறுப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் கடைசி வரிசைவரை நடந்து பன்னிரண்டு இருக்கையையும் தொட்டுவிட்டு இறங்கி, அவர் நீட்டிய பதிவேட்டை வாங்கினாள். சக்கரம் பஞ்சர் என்று எழுதலாம், சாலையில் நெரிசல் என்று எழுதலாம். காரணம் என்ற கட்டத்தில், 'ஒரு பையன் பேசினான்' என்று எழுதிக் கொடுத்தாள்.

பொறுப்பாளர் அதை இரண்டு முறை படித்தார். பேனா மூடியைக் கழற்றினார். கையெழுத்துப் போடுமுன், அவன் என்ன சொன்னான் என்று கேட்டார்.